நன்றி சொன்ன ஃபோர்மேன்

வார்டில் அவளுக்கு 'ரிட்டர்ன் டிக்கெட்' என்று பெயர். பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் நோயாளிகளை அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டு, உடை மாற்றி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜம்மென்று கேட் வரைக்கும் போவாள். அங்கேதான் சந்தேகம் ஆரம்பிக்கும். மருந்து அலமாரியைப் பூட்டினோமா? ஏழாம் படுக்கையின் பக்கத் தடுப்பை ஏற்றிவிட்டோமா? அவ்வளவுதான், வந்த வழியே திரும்பிவிடுவாள். அலமாரி பூட்டித்தான் இருக்கும், தடுப்பும் ஏற்றித்தான் இருக்கும். வார்டே சிரிக்கும்.

வீட்டிலும் இதே கூத்துதான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்லாத நாளே கிடையாது. "உன்னக் கட்டிக்கிட்டதுலேர்ந்து ஒரு சினிமாவையும் நான் ஆரம்பத்துலேர்ந்து பாத்ததில்ல" என்பார் வீட்டுக்காரர். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர், பாவம், பொறுமைசாலி.

அந்தப் பொறுமைக்கும் அன்று சோதனை வந்தது. குடியிருந்த வீட்டைக் காலி செய்ய இன்னும் பத்து நாள்தான் பாக்கி. அலைந்து திரிந்து ஒரு நல்ல வீடு அகப்பட்டிருந்தது. மூன்று மணி வரைதான் சாவியோடு காத்திருப்பேன், அப்புறம் அடுத்த ஆளுக்குக் காட்டிவிடுவேன் என்று அந்த வீட்டின் சொந்தக்காரம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவள், கேட்டில் வண்டியோடு நின்ற வீட்டுக்காரரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் அவர் தோளைத் தட்டினாள்.

"வண்டிய நிறுத்துங்க."

"இன்னும் கிளப்பவே இல்லையேம்மா."

"ஒருத்தர் எனக்கு நன்றி சொன்னார்."

"சரி, நல்லதுதானே?"

"அவர் சொல்ற ஆள் இல்லங்க!"

அவர் சொல்கிற ஆளே இல்லை, அதுதான் விஷயம். பதினோராம் படுக்கைக்காரர் லேத் பட்டறையில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர். குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து அன்றோடு நாலு நாள். அந்த நாலு நாளும் வார்டை அவர் ஒரு வழி பண்ணிவிட்டார். கட்டிலின் ஒரு கால் குட்டை. ஜன்னல் கொக்கி தலைகீழாக மாட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் விட, சலைன் பாட்டில் தொங்கும் அந்த ஸ்டாண்டின் சக்கரம்! அது கிரீச்சிட்டால் போதும், "இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட இந்த ஆஸ்பத்திரில ஆளில்லையா? என் பட்டறையா இருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்!" என்று தையல் வலியையும் மறந்து கத்துவார்.

அந்த மனிதர் ஒன்றரை மணிக்கு அவள் தலையணையைச் சரிசெய்தபோது, "ரொம்ப நன்றிம்மா. உங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டம்" என்றார். அப்பாடா, மனுஷன் வழிக்கு வந்துவிட்டார் என்று அவளும் பூரித்துப்போனாள். ஷிப்டை ஒப்படைக்கும்போது "ஃபோர்மேன் இன்னைக்கு சமத்து" என்று வேறு சொல்லிவிட்டு வந்தாள். இப்போது அந்தச் சமத்துதான் முள்ளாகக் குத்தியது.

"அஞ்சு நிமிஷம்" என்றார் வீட்டுக்காரர், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

வார்டுக்குள் நுழைந்ததுமே மதிய ஷிப்ட் பெண் சிரித்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள். "வந்தாச்சா! இன்னைக்கு எந்தப் பூட்டு அக்கா?"

இவள் நிற்கவில்லை. நேரே பதினோராம் படுக்கைக்குப் போய், சலைன் ஸ்டாண்டை வேண்டுமென்றே இழுத்தாள். சக்கரம் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிரீச்சிட்டது. ஃபோர்மேன் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

அவள் ஸ்டாண்டை இன்னொரு தடவை இழுத்தாள். திட்டேன்யா, ஒரு வார்த்தை திட்டித் தொலையேன்!

சார்ட்டை எடுத்துப் பார்த்தாள். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. காய்ச்சல் இல்லை. நாடித்துடிப்பு கொஞ்சம் கூடுதல், நூற்று நாலு. மூச்சு, நிமிஷத்துக்கு இருபது. அதற்கு மேலே இருபது, அதற்கும் மேலே இருபது. நாலு நாளும் இருபதுதான்.

ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மற்றதையெல்லாம் மெஷின் காட்டிவிடும். மூச்சை மட்டும் ஒரு ஆள் பக்கத்தில் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். முப்பது நோயாளிக்கு முப்பது நிமிஷம். யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால் கை தானாக இருபது என்று எழுதிவிடும். பொய் சொல்கிறோம் என்றுகூட யாருக்கும் தோன்றாது. அன்று காலை பத்து மணிக்கு எழுதியிருந்த இருபது, அவளுடைய குண்டு குண்டுக் கையெழுத்தில்தான் இருந்தது.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். முப்பது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள். முப்பத்தொன்று.

டூட்டி டாக்டருக்குப் போன் போட்டாள். சின்னப் பையன்தான் அவர், ஆனால் கெட்டிக்காரர்.

"டாக்டர், பதினொண்ணாம் பெட் சரியில்ல. மூச்சு முப்பது ஓடுது. ஆளே மாறிட்டார்."

"நான் இப்பத்தானே சிஸ்டர் சார்ட் பாத்துட்டு வந்தேன்? ரெண்டு மணிக்கு இருபது போட்டிருக்கே. காலைலயும் இருபது. நாலு நாளா ஸ்டெடியா இருக்கார்."

"இப்ப ரெண்டு தடவ எண்ணிட்டேன், டாக்டர்."

"உங்க ஷிப்ட் முடிஞ்சிருச்சுல்ல? ஓடி வந்த வேகத்துல எண்ணியிருப்பீங்க." சிரித்தார். "இங்க அவசரப் பிரிவுல மூணு பேர் வெயிட்டிங். அஞ்சு மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பாத்துக்கலாம்."

அவள் எழுதிய இருபதே இப்போது அவள் வாயை அடைத்தது. எதிரில் நின்ற சின்னவள் விஷயம் புரிந்து, வேண்டாம் அக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பதினெட்டு வருஷம். ஒரு மெமோகூட வாங்காத பதினெட்டு வருஷம். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள், ஒரு மனிதனின் மூச்சை எண்ணாமல் எழுதினாள் என்று வெளியே தெரிந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்த வார்டுக்குள் வருவது?

"டாக்டர், அந்த இருபத நம்பாதீங்க" என்றாள். "காலைல பத்து மணிக்கு எழுதினது நான்தான். எண்ணாம எழுதினேன்."

சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு எட்டிவந்து, ரிசீவருக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். "ரெண்டு மணிக்கு எழுதினது நான், டாக்டர். நானும் எண்ணல."

நாலே நிமிஷத்தில் டாக்டர் வந்துவிட்டார். அவர் வயிற்றில் கை வைத்து அழுத்தியதும் ஃபோர்மேனின் முகம் கோணியது. அப்போதும் திட்டவில்லை. ஸ்கேனில் குடலில் தையல் போட்ட இடம் கசிவது தெரிந்தது; அந்த விஷம்தான் திட்டக்கூடத் தெம்பில்லாமல் அவரை அடக்கிவைத்திருந்தது. நாலு மணிக்கு அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓடி வந்த பெரிய டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே, "அஞ்சு மணி வரைக்கும் விட்டிருந்தா இன்னொரு ஆபரேஷனத் தாங்கியிருக்க மாட்டார்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவள் காதில் அது பாராட்டாக விழவில்லை.

கேட்டில் வீட்டுக்காரர் அதே இடத்தில் நின்றிருந்தார். "வீடு போச்சு" என்றார். பின்னால் ஏறியவள் அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"அட, வீடுதானே. வேற பாத்துக்கலாம், விடு."

"பத்து மணிக்கு எவ்வளவுங்க இருந்திருக்கும்?"

"எது?"

"மூச்சு. இருபத்திநாலா? இருபத்தாறா? எண்ணியிருந்தா பத்து மணிக்கே தெரிஞ்சிருக்குமே!"

அவர் வண்டியைக் கிளப்பினார். பூட்டென்றால் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கலாம். காலை பத்து மணிக்கு எங்கே திரும்பிப் போவது?

அவளும் சின்னவளும் ஆளுக்கொரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். வேறு வீடு கிடைத்தது, கொஞ்சம் இருட்டு. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் தினமும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவருகே போய் நின்று, ஃபோர்மேனின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் ஏன் லேட் என்று கேட்பதை விட்டுவிட்டார்.

ஒன்பதாம் நாள் ஃபோர்மேன் வார்டுக்குத் திரும்பினார். பாதி உடம்புதான் மிச்சம். ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போனாள். கிரீச்.

"இன்னுமா இதுக்கு எண்ணெய் விடல? என்னம்மா ஆஸ்பத்திரி நடத்துறீங்க?"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம் பேசாம இருங்க. மூச்ச எண்ணணும்."

"மூச்ச எண்ணுறதா? அதுல என்னத்த எண்ணுவ? இந்தக் கொக்கிய முதல்ல பாரு, இன்னமும் தலைகீழாத்தான்..."

எண்ணிக்கை தவறிப்போனது. மறுபடி ஆரம்பித்தாள். ஏழு வரை வந்ததும், "கட்டில் காலுக்கு ஒரு அட்டையாச்சும் வைக்கக் கூடாதா?" என்றார். மூன்றாம் தடவை பதினொன்று வரை தாக்குப்பிடித்தார், அதற்கு மேல் முடியவில்லை. மணி இரண்டரை. கேட்டில் வீட்டுக்காரர் ஹார்ன் அடிப்பது ஜன்னல் வழியே கேட்டது.

"பேசுங்க, நல்லா பேசுங்க. நான் இருக்கேன்" என்றாள். அவர் மூச்சு வாங்கி ஓய்ந்ததும், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.