தென்காசிக்குப் போன பம்ப் ஸ்டவ்

சென்ற ஆவணியில் தென்காசியில் என் தங்கை கோமதி புது வீட்டில் பால் காய்ச்சினாள். அதற்காகத்தான் மதுரையிலிருந்து புறப்பட்டோம். குற்றாலம் எங்களுக்குக் கொசுறு. கிரகப்பிரவேசத்துக்கு வர லீவே இல்லை என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த என் கணவருக்கு, சாரல் இன்னும் நிற்கவில்லை என்று தெரிந்த அன்றே மூன்று நாள் லீவு எங்கிருந்தோ முளைத்துவிட்டது. தங்கை வீட்டு விசேஷத்துக்கு இரங்காத ஆபீஸ் அருவிக்கு இரங்கியது. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

புது வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. இப்போது மதுரைக் கடைகளில் பரிசுச் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. பூப்போட்ட பீங்கான் தேநீர்க் கோப்பைகள், ஏரிக்கரையில் மான் நிற்கிற படம், பெண்டுலம் ஆடுகிற சுவர்க் கடிகாரம் என்று கண்ணைப் பறிக்கிறார்கள். என் கணவர் கடிகாரத்தின் கட்சி. நான் ஒன்பது ரூபாய் கொடுத்து ஒரு பித்தளைப் பம்ப் ஸ்டவ் வாங்கினேன். சுவீடன் தேசத்துச் சரக்கு. மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்ப் அடித்தால் நீலமாக எரியும், புகை கிடையாது. "அடுப்பைப் போய் யாராவது பரிசாகக் கொடுப்பார்களா?" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

காரணம் இருந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கோமதிக்கு இடுப்பு சரியில்லை. அடுப்படியில் குந்தினால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். அதனால் புது வீட்டில் இடுப்புயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதன்மேல் அடுப்பை வைத்து, கூரைக்கு மேலே புகைபோக்கியும் நீட்டி, நின்றுகொண்டே சமைக்க ஏற்பாடு செய்திருந்தாள். பட்டணத்துப் புது பங்களாக்களில் இது சகஜமாகிவிட்டது. தென்காசியில் அந்தத் தெருவுக்கு இதுதான் முதல். அவள் மாமியாருக்கோ இது அடியோடு பிடிக்கவில்லை. சித்திரையில் மதுரைக்கு வந்திருந்தபோது கோமதி சொல்லி அழுதாள். மாமியார் போட்ட நிபந்தனை இது: முதல் பால் அந்த மேடையில் ஒழுங்காகப் பொங்க வேண்டும். பொங்காவிட்டால் மறுநாளே கொத்தனை வரவழைத்து மேடையை இடித்துவிட்டுத் தரையில் அடுப்புப் போட வேண்டும். மேடை போனால் என் தங்கை ஆயுள் முழுக்கத் தரையில் குந்தித்தான் ஆக வேண்டும்.

காலை வண்டியில் ஏறி விருதுநகரில் மாறினோம். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. வலப்பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள். ராஜபாளையம் தாண்டியதும் மலை கூடவே வரும். சங்கரன்கோவில் வரை வெயில் மண்டையைப் பிளந்தது. கடையநல்லூரில் காற்று மாறிவிட்டது. தென்காசியில் இறங்கும்போது மணி மூன்று, பிளாட்பாரம் நனைந்திருந்தது.

குதிரை வண்டிக்கு நாலணா பேசினோம். வண்டிக்காரர் என் மடியிலிருந்த மரப்பெட்டியையே பார்த்தார்.

"பொட்டியில என்ன அண்ணாச்சி, கடியாரமா? அந்த வீட்டுக்கு நான் இறக்குன கடியாரமே மூணாச்சு."

"அடுப்பு" என்றார் என் கணவர், யாரோ செய்த குற்றத்தைச் சொல்வதுபோல.

"அடுப்பா! ஏன், அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிட்டு அடுப்புக் கட்டலியா?"

வழி முழுக்க இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டைப் பார்த்ததும் என் கோபம் எல்லாம் போய்விட்டது. கோமதியின் கணவர் சங்கரலிங்கம் செங்கோட்டைக்கும் தென்காசிக்குமாக மர வியாபாரம் செய்கிறவர். தேக்கில் கஞ்சத்தனம் காட்டவில்லை. மேலே மங்களூர் ஓடு, கீழே கண்ணாடிபோல் மெழுகின சிவப்புச் சிமெண்டுத் தரை. ஜன்னல்களுக்கு மேலே பச்சையும் மஞ்சளுமாக வர்ணக் கண்ணாடி. பழைய வீடுகளில் பட்டப்பகலில் விளக்கெடுத்துக்கொண்டு போகிற அறைகள் உண்டே, அப்படி ஒன்றுகூட இங்கே இல்லை. இந்த வீட்டில் என் தங்கை சுகமாக இருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன்.

கூடத்துச் சுவரில் ஐந்து கடிகாரங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. கொடுத்தவர்கள் மனம் கோணக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் சாவி கொடுத்திருந்தார்கள். ஒன்று அடித்து முடித்த பிறகு அடுத்தது யோசித்து அடித்தது. மான் படம் இரண்டு. காபியே சாப்பிடாத வீட்டுக்கு மூன்று ஜோடித் தேநீர்க் கோப்பைகள். என் கணவர் மெதுவாக என் காதில், "நல்லவேளை, நாம் கடிகாரம் வாங்கவில்லை" என்றார். இந்த ஞானோதயத்துக்காகவே தென்காசி வரை வரலாம்.

மறுநாள் விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரை முகூர்த்தம்; அதற்குள் பால் பொங்க வேண்டும். கோமதி குளித்து, கொசுவம் வைத்துப் புதுச்சேலை கட்டி மேடை முன்னால் நின்றாள். விறகை அடுக்கினார்கள். கொளுத்தினார்கள். புகைந்தது.

குற்றாலச் சாரலை அனுபவிக்கப் போகிறவர்கள் அதன் இன்னொரு குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது விறகுக்குள்ளும் இறங்கும். உள்ளூர்க்காரர்கள் கோடையிலேயே காய்ந்த விறகு வாங்கிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த தெருவிலிருந்த இவர்களுடைய பழைய வீட்டிலும் பரண் நிறைய விறகு இருந்தது. ஆனால் புது வீட்டு முதல் நெருப்புக்குப் பழைய வீட்டுக் குச்சி ஒன்றுகூட ஆகாது என்பது மாமியாரின் சட்டம். பழைய வீட்டுப் பீடை விறகோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். அதனால் மலையடிவாரத்திலிருந்து புது விறகு ஒரு வண்டி வந்திறங்கியது. மர வியாபாரி வீட்டு விறகு, ராத்திரி முழுக்கச் சாரலில் நனைந்துகொண்டே வந்த விறகு! புதிதாகக் கட்டிய அடுப்பின் ஈரமும் சேர்ந்துகொண்டது. நெய் ஊற்றினார்கள், தென்னம்பாளையைச் செருகினார்கள், ஊதினவர்களுக்கெல்லாம் கண் சிவந்தது. புகைபோக்கி தன் கடமையைச் சரியாகச் செய்தது. எரிய வேண்டியதுதான் எரியவில்லை.

முதல் கடிகாரம் ஆறு அடித்தது.

மாமியார் கைகட்டி நின்றிருந்தார். "நான் அப்பமே சொன்னேன். அடுப்பு தரையில இருக்கணும். பூமாதேவி மேல இருந்தாத்தான் தீ நிக்கும். இது என்ன, பந்தல்ல ஏத்தின பூசணிக்கா மாதிரி!" என்றார்.

"அம்மா, மத்த கடியாரத்துல இன்னும் ஆறாவலை" என்றார் சங்கரலிங்கம். பாவம், ஐந்து கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதி என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திராது. ஓடிப்போய் மரப்பெட்டியின் மூடியை அரிவாள்மணையால் நெம்பித் திறந்தேன். பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஸ்டவ்வில் ஊற்றி, அதை மேடைமேல் நடுநாயகமாக வைத்தேன்.

"மண்ணெண்ணெய்த் தீயிலயா மொதப் பாலு காய்ச்சப் போற?" என்று மாமியார் குறுக்கே வந்தார். "சாமிக்கு அடுக்குமா, பெரியவளே?"

அப்போதுதான் எனக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. பம்ப் ஸ்டவ்வை மூட்ட முதலில் அதன் கழுத்திலுள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்ற வேண்டும். ஸ்பிரிட் சீசாவை மதுரையிலேயே மறந்துவிட்டேன்! பூஜைத் தட்டில் கற்பூரம் இருந்தது. ஒரு கை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, குத்துவிளக்கிலிருந்து திரியால் நெருப்பெடுத்துப் பற்றவைத்தேன்.

கற்பூரம் ஜோதியாக எரிந்தது. எதிர்ப்புச் சொல்ல வந்த மாமியார் தன்னை அறியாமல் இரண்டு கைகளாலும் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார். கும்பிட்ட நெருப்பை எப்படித் தள்ள முடியும்? கற்பூரம் அடங்குகிற சமயம் பார்த்து, "அடிங்கள்!" என்றேன் என் கணவரிடம். வழியெல்லாம் கேலி செய்தாரே, அந்த மனிதர் மேல்வேஷ்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பம்ப் அடித்த அழகைப் பார்க்க வேண்டும்! ஸ்டவ் சீறியது. பால் பானை ஏறியது.

இரண்டாவது கடிகாரம் ஆறு அடித்தது. பாலில் நுரை தெரிந்தது. மூன்றாவது அடிப்பதற்கு முன்பே பால் நாலா பக்கமும் பொங்கி வழிய, பெண்கள் போட்ட குலவை தெருமுனை வரை கேட்டிருக்கும். ஐந்து கடிகாரங்களில் மூன்று எங்கள் கட்சி. எந்த எலக்‌ஷனிலும் மூன்றுக்கு இரண்டு ஜெயம்தான். நான் கோமதியைக் கட்டிக்கொண்டு, வந்திருந்தவர்கள் முன்னால் வெட்கமில்லாமல் சிரித்தேன், அழுதேன்.

மாமியார் ஒரு வாய் பால் குடித்தார். "பாலு நல்லாத்தான் காஞ்சிருக்கு" என்றார். பிறகு, "அடுப்புல பொங்குச்சா, மிசின்ல பொங்குச்சான்னு நான் யோசிக்கணும். கொத்தனை நாளைக்கு வரச் சொல்லியாச்சு" என்று போய்விட்டார். வெற்றி கைக்கு வந்தும் பைக்குள் விழவில்லை.

மத்தியான விருந்து பழைய வீட்டில் சமைத்து வந்தது. சாப்பாடு முடிந்ததும் குற்றாலத்துக்குக் கிளம்பினோம். மூன்று மைல் சொச்சம். போகவர வண்டிக்கு ஒரு ரூபாய். மாமியார் வரவில்லை. "வந்த சாமானெல்லாம் கெடக்கு, நான் இங்கன இருக்கேன், போயிட்டு வாங்க" என்றார். வழியில் புதிதாக எழும்பியிருக்கிற பங்களாக்களைக் கவனியுங்கள். முன்பக்கம் அகலமான தாழ்வாரம், பிரம்பு நாற்காலி, தொங்குகிற தொட்டிகளில் பெரணிச் செடி. குரங்குக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பிவலை. வீடு கட்ட யோசனை உள்ளவர்கள் ஒரு சாயங்காலம் அந்தச் சாலையில் நடந்தாலே போதும்.

பேரருவியில் கூட்டம் குறைவு. ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். கோமதி இடுப்பை அருவிக்குக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"மேட போனாப் போவட்டும் அக்கா. இன்னைக்கு ஒரு நாளாவது நின்னுகிட்டு அடுப்பு முன்னால இருந்தேன்லா."

"வாயை மூடுட்டி!" என்று அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "ஒரு நாளைக்காக நான் அந்தப் பெட்டியை நூறு மைல் மடியில வச்சுத் தூக்கிட்டு வரலை." எனக்கு அவள் பொறுமையைக் கண்டால் எப்போதும் பற்றிக்கொண்டு வரும். அன்று அருவியில் நின்றும் அது தணியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினோம். சுடச்சுடச் சோறும் புளிக்குழம்பும் பொரித்த அப்பளமும் தயாராக இருந்தன. பழைய வீட்டிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்துச் சாப்பிட்டோம். குளித்துவிட்டு வந்த பசியில் குழம்பு எங்கே கொதித்தது என்று யார் விசாரிக்கிறார்கள்?

மறுநாள் காலை கொத்தன் கடப்பாரையோடு வந்துவிட்டான். கோமதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கரலிங்கம் கூடத்தில் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் சாவி கொடுக்கப் போய்விட்டார். நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, மாமியாரிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் கூர் தீட்டிக்கொண்டே அடுக்களைக்குப் போனேன்.

"எதை இடிக்கணும் ஆச்சி?" என்றான் கொத்தன்.

"இடிக்கவா? ஏலே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு!" என்றார் மாமியார். "கடப்பாரைய வெளிய வச்சிட்டு வா. இங்கன பாரு." மேடை அருகே போய் நின்றார். மேடை அவருக்கு மார்பு உயரத்துக்கு வந்தது. "இவ நெட்டச்சிக்குத் தக்கன கட்டி வச்சிருக்க. நேத்து சாயங்காலம் நான் ஒத்தையில குழம்பு வைக்கேன், கொதிச்சிட்டா இல்லியான்னு எட்டிப் பாக்க முடியல. மிசினு சொன்னபடி கேக்கு, சூடத்தக் கொளுத்தி ஆறு அடி அடிச்சா எரியுது. எனக்குத்தான் ஒசரம் பத்தல. அடியில ஒரு படி கட்டு. அகலமாக் கட்டு, நான் விழுந்துரக் கூடாது."

தூணைப் பிடித்திருந்த கோமதி அப்படியே சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். யாரும் கை கொடுக்காமலே எழுந்தும் விட்டாள். நான் தீட்டி வைத்திருந்த வார்த்தை ஒன்றும் பயன்படவில்லை. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

பின்னால் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. ஆவணியில் போனால் அருவியில் தண்ணீரும் இருக்கும், நிற்க இடமும் இருக்கும். மாற்றுத்துணி இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்; அங்கே எதுவும் லேசில் உலராது. புது வீட்டுக்குப் பரிசு வாங்குகிறவர்கள் அந்த வீட்டில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். கடிகாரத்தை மற்றவர்கள் வாங்கி வருவார்கள். ஸ்டவ் கொடுத்தால் ஸ்பிரிட்டை மறக்காதீர்கள். நின்று சமைக்க மேடை கட்டுகிறவர்கள், கொத்தனை வைத்துக்கொண்டு, வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் நிறுத்தி உயரம் பாருங்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்கிறவரை முதலில் நிறுத்துங்கள்.