மேயர் வீட்டுச் சம்பந்தம்

எலியின் வாலை இடுக்கியால் பிடித்ததும் ஆர்லோ ஸ்டக்கி தன் தலையை இடது தோள்பக்கம் சாய்த்துக்கொள்வார். பிறகுதான் எலியைப் பெட்டிக்குள் இறக்குவார். பாம்பு பாயும், எலிக்கு ஒரு விரல் தள்ளி வெறுங்காற்றைக் கடிக்கும். அதற்குள் ஆர்லோவின் கை எலியை அந்த வாய்க்கே கொண்டுபோயிருக்கும். "நீ சரியாத்தான் பாஞ்ச. நான்தான் எலிய தப்பான எடத்துல வச்சுட்டேன்" என்று பாம்பிடம் மன்னிப்பும் கேட்பார்.

அந்தப் பாம்பின் பெயர் மேயர். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சிறு மலைப்பாம்பு. இந்த வகையை ஸ்பைடர் என்பார்கள். பொன்னிற உடம்பில் சிலந்தி வலை மாதிரிக் கருங்கோடுகள் ஓடும். கண்ணை எடுக்க முடியாது. வம்சத்தில் எது அந்தக் கோடுகளைத் தருகிறதோ அதுவே தலை கோணி ஆடிக் குறி தவறவைக்கும் இந்தத் தலையாட்டத்தையும் தருகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க இதுவரை யாராலும் முடியவில்லை. "யார் என்ன கேட்டாலும் சரி சரின்னு தலையாட்டுவான். அதான் மேயர்னு வச்சேன்" என்பார் ஆர்லோ.

ஓஹையோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை பாம்புச் சந்தையில் அவர் மேசைக்கு அடுத்தது என் மேசை. நான் விற்பது உறைந்த எலி. ஆகவே ஜீவகாருண்யம் பேச எனக்கு வாயே கிடையாது. போதாக்குறைக்கு மேயரின் மகள் ஒருத்தி என் வீட்டிலும் இருக்கிறாள். அவள் தலை கோணும்போதெல்லாம் விருந்தாளிகளிடம் "டான்ஸ் ஆடுறா பாருங்க" என்று சொல்லிக் கைதட்டும் அசடு நான்தான்.

ஆனால் அசட்டுத்தனத்தில் ஆர்லோவை மிஞ்ச முடியாது. ஒருமுறை மேயரின் குட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார். "தலையே ஆடல டாக்டர். ஒரே விறைப்பா இருக்கு. எனக்கென்னமோ பயமா இருக்கு." மருத்துவர் குட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுலயே நல்லா இருக்கறது இது ஒண்ணுதான்யா" என்றாராம். கோடுகள் வராத குட்டி அது; தலையாட்டமும் வரவில்லை. இதை ஆர்லோவே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். "சிக்னல்ல நின்னா நானே தலைய சாய்ச்சுக்கிறேன். பஸ்ல பசங்க எனக்குக் கழுத்துச் சுளுக்குன்னு நெனைக்குதுங்க."

எதிர் மேசையில் பல்லி விற்கும் ட்ரூடிக்கு இந்தச் சிரிப்பு ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டேவிட்டாள்.

"அழகா இருக்குன்னு கோளாறை வளக்குறியே, உனக்கே நல்லா இருக்கா?"

"என்ன கோளாறு? வேளைக்குச் சாப்பிடுறான், என்னைவிட நல்லா தூங்குறான்."

"உன்னைவிட நல்லா இருந்துட்டா போதுமா? ரொம்பக் கீழ வச்சுட்டியேய்யா அளவுகோல."

ஆர்லோ விழுந்து விழுந்து சிரித்தார். அன்று அவருக்கு நல்ல மனநிலை. மேபல் என்ற வெண்ணெய் நிறப் பெண் பாம்பைக் குட்டியிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்ததே மேயரோடு சேர்ப்பதற்குத்தான். அன்று மாலை இருவரையும் ஒரே பெட்டியில் விடப்போகிறார். வெண்ணெயில் பொன் வலை போட்ட குட்டிகள் பிறக்கும் என்பது அவருடைய கனவு. "சம்பந்தத்துக்கு வந்துருய்யா. மொய்யா ரெண்டு எலி கொண்டா" என்று என்னை அழைத்தார். அதில் ஒரு குட்டிக்கு நானும் சொல்லி வைத்திருந்தேன்.

மதியம் ஜோனி என்ற பெண் வந்தாள். போன வருடம் ஆர்லோவிடம் மேயரின் குட்டி ஒன்றை வாங்கியவள். பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்த குட்டி தலையை ஆட்டுவதோடு நிற்கவில்லை. கழுத்து திருகிக்கொண்டு, வயிறு மேலே தெரிய மல்லாந்து, எந்தப் பக்கம் தரை என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தது.

"திருப்பித் தர வரல. நல்ல குட்டி இது" என்றாள் அவசரமாக. "எப்படி ஊட்டுறதுன்னு கேக்கத்தான் வந்தேன். நான் சரியா பிடிக்க மாட்டேங்கிறேன் போல. பாவம், பட்டினி கெடக்குது."

ஆர்லோ என்னிடம் ஒரு சின்ன எலி வாங்கி, வெந்நீரில் போட்டு இளக்கினார். தலையைச் சாய்த்தார். குட்டி பாய்ந்து பெட்டிச் சுவரில் முட்டிக்கொண்டது. அடுத்த முறை தன் உடம்பையே கடித்தது. எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் ஆர்லோ தலையை இடமும் வலமுமாக மாற்றிப் பார்த்தார். கடைசியில் குட்டியின் கழுத்தை இரு விரலால் தாங்கி, எலியை வாயோரம் வைத்துக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து அது விழுங்கியது.

"உங்க மேல தப்பில்லம்மா" என்றார். அப்பனுக்குக் கோளாறு இவ்வளவுதான் என்பதால் பிள்ளைக்கும் இவ்வளவோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. இது ஆர்லோவுக்கும் ட்ரூடிக்கும் எனக்கும் முன்பே தெரியும். எனக்கு என் எலிகளுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மாலையில் மொய்யோடு போனேன். நிலவறையில் ஆர்லோ மேபலைக் கையில் சுற்றிக்கொண்டு மேயரின் பெட்டிமுன் நின்றிருந்தார். மேபல் தலையை அம்புபோல நீட்டிப் பார்த்தாள். மேயர் வழக்கம்போல ஆட்டினார், சரி, சரி என்று.

"உன்கிட்ட கேட்டது என் தப்புடா" என்றார் ஆர்லோ.

மேபலை அவளுடைய பெட்டியில் விட்டு மூடினார். நான் கொண்டுபோன எலியில் ஒன்றை எடுத்து, தன் தலையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, மேயர் கடிக்கப்போகும் வெறுங்காற்றில் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்தார்.