இடது விங்கில் எங்கட பிள்ளை

அம்மா தொலைபேசியில் அழைத்து, "கெதியா டிவியைப் போடு, எங்கட பிள்ளை விளையாடுது" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அம்மாவுக்குப் பெண்பிள்ளை என்று இருப்பது நான் ஒருத்திதான். டிவியில் பந்தோடு ஓடுகிறவள் அயர்லாந்துக்காரி.

ஜெர்மனியில் கொலோனுக்கு வெளியே இருந்த எங்கள் சின்னக் கால்பந்துக் கழகத்துக்கு அவள் வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. ஏதோ கடலோர ஊர். பெண்கள் அணி அங்கே இல்லாததால் சிறுவயதில் பையன்களோடு விளையாடினாளாம். பிறகு அவளை அவள் நாட்டின் இளையோர் அணிக்கும் எடுத்திருந்தார்கள். இதையெல்லாம் பயிற்சியாளர் உடை மாற்றும் அறையில் பெருமையாகச் சொன்னபோதே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அவள் விளையாடும் இடம் இடது விங், மைதானத்தின் இடது ஓரம். நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து விளையாடி வந்த இடமும் அதுதான்.

அவளுக்கு வீடு எடுத்துக் கொடுக்கக் கழகத்துக்கு வசதியில்லை. யாராவது ஒரு குடும்பம் தங்க வைக்குமா என்று பயிற்சியாளர் கேட்டார். அதை வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் வீட்டில் சொன்னது நான்தான். அப்பா இறந்து, அண்ணனும் கலியாணம் கட்டி டுசல்டோர்ஃப் போன பிறகு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அண்ணனின் அறை சும்மா கிடந்தது.

"பாவம், பொம்பிளைப் பிள்ளை. தாய் தேப்பனை விட்டிட்டு வந்து தனிய எங்க நிக்கும்? இங்க வரச் சொல்லு" என்றார் அம்மா.

வந்தாள். அம்மாவிடம் ஒவ்வொரு சொல்லாகத் தமிழ் பழகினாள். இரண்டு கிழமைக்குள் என் இடமும் போய்விட்டது. பொய் சொல்லக்கூடாது, அவள் கால் அப்படிப்பட்ட கால். பந்தை நிறுத்தாமலே அதோடு சேர்ந்து திரும்புவாள். தடுக்க வந்தவள் தடுத்த இடத்திலேயே நிற்க, இவள் மூலைக் கொடிக்கம்பத்தருகில் இருப்பாள். நான் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் குந்தியிருந்து, மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினேன். தட்டாவிட்டால் தெரிந்துவிடும் அல்லவா.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. நான் விளையாடத் தொடங்கிய நாளிலிருந்து அம்மா ஒரு தடவைகூட மைதானத்துக்கு வந்ததில்லை. முதியோர் இல்லச் சமையலறையில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. "அதோட அந்தக் குளிருக்குள்ள நிண்டு பந்து பாக்க என்னால ஏலாது" என்பார். நான் முதல் கோல் அடித்த அன்றும், அணித்தலைவியாக விளையாடிய அன்றும் வரவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து பார்த்தால் போதும் என்று நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டிருந்தேன்.

அவள் வந்த மூன்றாம் கிழமை அம்மா வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். "அந்தப் பிள்ளைக்குக் கைதட்ட ஒரு சனமும் இல்லை" என்றார். போர்வையும், போத்தல் நிறைய மல்லிக்கோப்பியுமாக வந்து முன்வரிசையில் இருந்தார். அவள் பந்தைத் தொட்டபோதெல்லாம் எழும்பி நின்றார். இடைவேளையில் வாங்குப் பக்கம் வந்து கோப்பியை என்னிடம் நீட்டினார்.

"உனக்குக் குளிரேல்லையோ? சும்மாதானே இருக்கிறாய், இதைக் குடி."

குடித்தேன். நாக்குச் சுட்டது.

மழைக்காலம் தொடங்கியபோது பயிற்சியில் அவளுக்குக் கணுக்கால் பிசகியது. வைத்தியர் ஆறு கிழமை ஓய்வு என்றார். அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "குதிச்சுக் குதிச்சு ஓடின பிள்ளை. ஆரோ கண் வைச்சிட்டினம்" என்று அவளைச் சமையலறைக் கதிரையில் இருத்தினார். நாவூறு கழிப்பதற்குச் செத்தல் மிளகாயும் உப்பும் கைக்குள் பொத்தி, அவள் தலையை மூன்று தரம் சுற்றினார். ஊர்க் கண், உறவுக் கண், தெருவில் போனவர் கண், வந்தவர் கண் என்று முணுமுணுத்தார். அவள் ஏதோ கோயிலில் இருப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் குளிர்ப்பெட்டியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சொன்ன கண்களில் மகளின் கண் வரவில்லை.

போன வருடம் எனக்கு முழங்கால் வீங்கியபோது, "தைலம் அந்தத் தட்டில கிடக்கு, பூசு" என்றதோடு சரி.

மிளகாயை அடுப்பில் போட்டு நெடி வராவிட்டால் நாவூறு உண்டு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. மின்னடுப்பில் நெருப்பேது? அம்மா பழைய தாச்சிச் சட்டியைக் காய வைத்து அதில் கொட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெடி வராது, பிடிபடப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அது கிளம்பியதே ஒரு நெடி! மூன்று பேரும் இருமி இருமிக் கண்ணீர் விட்டோம். நடையில் இருந்த புகை அலாரம் வீரிட்டது. மேல்மாடிக் கிழவர் கதவைத் தட்டினார்.

எனக்கு ஆறுதல் வரவில்லை, அவமானம்தான் வந்தது. இவ்வளவு வெந்து போயும் ஒரு பிடி மிளகாயை அடக்கக்கூட என் கண்ணுக்கு வலு இல்லையா? அம்மாவோ விடவில்லை. "இந்த அடுப்பில ஒண்டும் சரியாத் தெரியாது. கண்தான், வேற ஒண்டுமில்லை" என்று ஜன்னலைத் திறந்தார்.

அடுத்த ஞாயிறு இடது விங் மறுபடி எனக்கு வந்தது. அம்மாவும் வந்தார். பிள்ளை காலில் கட்டோடு தனிய இருக்கக்கூடாது என்பதற்காக வந்தார். எதற்காக வந்தால் என்ன, வந்தாரே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். இன்றைக்குப் பார்க்கத்தானே போகிறார்.

அன்று நான் ஓடிய ஓட்டம் பிறகு எப்போதும் ஓடவில்லை. இரண்டாம் பாதியில் ஓரத்தில் வந்த பந்தை உள்ளே வெட்டி எடுத்து, ஒருத்தியைத் தாண்டி, வலது காலால் தூரத்துக் கம்பத்தோடு சேர்த்து அடித்தேன். கோல். எல்லோரும் என்மேல் விழுந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தேன். அயர்லாந்துக்காரி இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அம்மாவின் முதுகு தெரிந்தது. குனிந்து, கட்டுப் போட்ட காலுக்குக் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது நான் காரோட்டினேன். காலை நீட்ட வேண்டும் என்று அவள் முன் இருக்கையில், அம்மா பின்னால்.

"எல்லாரும் கத்தினவை. நான் குனிஞ்சு இருந்திட்டன்" என்று அம்மா தொடங்கினார். "ஆர் அடிச்சதெண்டு பிள்ளையிட்டக் கேட்டன். என்ன சொல்லிச்சுது தெரியுமே?"

சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"'அக்கா அடிச்சவா' எண்டு சொல்லுது! எவ்வளவு வடிவாத் தமிழ் கதைக்குது பார்!"

பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். வீடு வந்து சேரும்வரை அம்மா அந்தத் தமிழைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பந்து எந்தப் பக்கத்தால் போனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.