மேஜரம்மாவின் சவரப் பெட்டி

"சாவ்தான்" என்று லூர்துமேரி பட்டாளத்து உத்தரவாக அதட்டியதும், சவுரியப்பன் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மோவாயை உயர்த்திக் கொடுப்பார். அவள் சோப்பு நுரையைத் தடவி, இடது கன்னத்தில் ஆரம்பித்து ஒரு முடி விடாமல் வழிப்பாள். சற்று முன்புதான் வேட்டியை நனைத்துக்கொண்டு, யார் வேலை இது என்பதுபோல் அவளையே முறைத்துக்கொண்டு நின்றவர். கத்தி முகத்தில் இருக்கும் வரைக்கும் இம்மியும் அசையமாட்டார். "விஷ்ராம்" என்று அவள் சொன்ன பிறகுதான் மோவாய் இறங்கும்.

கடத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் அவளுக்கு மேஜரம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து நாயக் பதவியில் ஓய்வு பெற்று வந்த மனிதருக்கு, மூன்று வருஷமாகப் புத்தி கரைந்துகொண்டிருக்கிறது. பெற்ற மகள்களின் பெயர் போய்விட்டது. ஜெபம் போய்விட்டது. பெண்டாட்டி என்கிற உறவும் போய்விட்டது. அவள் அவருக்கு சுபேதார் சாப். போகாமல் நிற்பது பரேடு மைதானம் மட்டும்தான். சொன்னால் கேட்காதவர் உத்தரவு போட்டால் கேட்கிறார் என்று கண்டுபிடித்தவள் அவளே. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள், அவர் வாயிலிருந்து பொறுக்கிய நாலைந்து இந்தி வார்த்தைகளை வைத்துக்கொண்டு சோறூட்டுகிறாள், குளிப்பாட்டுகிறாள், சட்டை மாட்டுகிறாள். வெளியாரிடம் 'அவுங்க' என்று தவிர அவரைச் சொல்லாதவள், உத்தரவு போடும்போது மட்டும் 'நீ' என்பாள். அதற்காக ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வாள்.

உத்தரவுக்கும் அடங்காத ஒன்று உண்டு. "லீவு முடிஞ்சுது சாப்" என்று டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். "ரயிலு நாளைக்குத்தான், போய்ப் படு" என்று சொல்ல ஆள் இருந்தால் திரும்புவார். இல்லாத ஒரு நாளில், எந்த பஸ்ஸில் ஏறினாரோ, காரிமங்கலம் சந்தையில் வெறுங்காலோடு நின்றார். சட்டைப் பையில் இருந்த பென்ஷன் புத்தகத்தைப் பார்த்து ஒரு மாட்டு வியாபாரி லாரியில் கொண்டுவந்து விட்டார். அன்றோடு அவள் புளி மண்டிக்குக் கொட்டை எடுக்கப் போவது நின்றது. பென்ஷன் மருந்துக்கே போதவில்லை. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளத் தயார்தான். "சும்மா வர முடியாதுங்கக்கா, எம் புள்ளைங்களுக்கும் வாயி வவுறு இருக்குதுங்க" என்றாள். நியாயம்தானே.

புத்தி கலங்கிய முன்னாள் படைவீரரை வைத்துக் காப்பாற்றும் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவிப்பணம் உண்டு என்று தபால்காரர் சொல்ல, போன வருஷம், எண்பத்தாறில், மனுப் போட்டாள். ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று தர்மபுரியிலிருந்து கடிதம் வந்தது. ஆபீசுக்குப் போகிறோமே, மானமாகப் போக வேண்டாமா? ஒன்றுக்கு இரண்டு தடவை சவரம் செய்தாள். சட்டைக்குக் கஞ்சி போட்டாள். மெடல்களைப் புளி போட்டுத் தேய்த்து, நெஞ்சில் வரிசையாகக் குத்தினாள்.

மேஜைக்குப் பின்னால் மீசை வைத்த அதிகாரியைக் கண்டதுதான் தாமதம், சவுரியப்பன் குதிகாலைச் சேர்த்து சல்யூட் அடித்தார். பட்டாள நம்பர், பதவி, பெயர் எல்லாவற்றையும் பிசகாமல் ஒப்பித்தார். அதிகாரி எழுந்து நின்று பதில் சல்யூட் வைத்தார்.

"இந்த வயசுல நான் இப்படி நிப்பனான்னு தெரியலம்மா. இவருக்கா ஒண்ணும் தெரியலன்றீங்க?"

"அது மட்டுந்தாங்க தெரியும். சோத்துல கைய வெக்கத் தெரியாதுங்க. என்னையே தெரியாதுங்க."

அதிகாரி கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, ஆள் தெளிவாக இருக்கிறார் என்று எழுதி மனுவை மூடினார். இரண்டு வருஷமாக அவரை ஆளாக நிறுத்தி வைத்திருந்த கைக்குக் கிடைத்த கூலி அதுதான். குமாஸ்தா மாதையன் மட்டும் வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மறுபடி மனு குடுங்கம்மா. அடுத்த தபா சவரம் பண்ணாதீங்க, மெடலு வேணாம். வூட்டுல எப்படிக் கெடக்கறாரோ, அப்படியே கூட்டியாங்க." திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் இருந்த சவுரியப்பனைப் பிடித்துக் கீழே தள்ளலாம்போல் ஆத்திரம் வந்தது. அதை அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னாள்.

போன திங்கட்கிழமையை இரண்டாவது மனுவுக்கு நாளாகக் கொடுத்திருந்தார்கள். கை பரபரக்குமே என்று வியாழக்கிழமையே சவரப் பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். நான்கு நாள் நரைமுடி அவரை வேறு யாரோவாக ஆக்கியிருந்தது. துணைக்கு வருவதாகச் சொன்ன பாஞ்சாலி விடிந்ததுமே வாசலில் வந்து நின்றாள். அவள் பிழைப்பும் இதில்தானே இருக்கிறது. "பஸ்ஸு வந்துருங்கக்கா. மொகத்துல மட்டும் கைய வெச்சிராதீங்க" என்றாள்.

சவுரியப்பன் சுவர்க் கண்ணாடி முன் நின்று கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "தாடியோட நின்னா பனிஷ்மெண்ட் குடுத்துருவாங்க, சாப்" என்று லூர்துமேரியிடம் மெல்லச் சொன்னார். பிறகு யாரும் உத்தரவு போடாமலே பலகையில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, மோவாயை உயர்த்தினார்.

பெரிய ரோட்டில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. லூர்துமேரி அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டாள்.