என் விரலில் வெட்டிய துண்டு

திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் ஆடுகளுக்கு வாய்ப்புண் பரவியிருப்பதாக வீட்டிலிருந்து கடிதம் வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் புண்ணை உண்டாக்கும் வைரசைப் பற்றித்தான் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஒரு உயிர்க்கலத்துக்குள் அது எப்படி உருவாகிறது என்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். அதற்குப் புதுப் புண் வேண்டும். சண்டைக் காலம். இரண்டு பஸ் மாறித் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து சைக்கிளில் சல்லிக்குப் போனேன்.

கருவாடு காயப்போட்டிருந்த முற்றத்தில் ஒரு அக்கா ஆட்டுக்குட்டியைப் பிடித்துத் தந்தார். அதன் உதடு வெடித்துத் தடித்துப்போய், சீழும் எச்சிலும் வழிந்தன. இலையான்கள் கருவாட்டை விட்டுவிட்டு அங்கேதான் மொய்த்தன. மூச்சை அடக்கிக்கொண்டு புண்ணில் சிறு துண்டுகளை வெட்டினேன். குட்டி உதறியதில் என் கையுறை கிழிந்து, கத்தி சுட்டுவிரலிலும் பட்டது.

"பிள்ளை, மருந்து கொண்டு வந்தனீங்களோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை அக்கா. இது படிப்புக்கு."

"அப்ப வெட்டிக்கொண்டு போகத்தான் வந்தனீங்கள்."

துண்டுகளை, கெடாமல் வைக்கும் மருந்துத் தண்ணீருக்குள் போட்டுப் போத்தலை மூடினேன்.

திரும்பும் வழியில், சனத்தைச் சோதிக்கும் சென்ரியில் ஆமிக்காரன் போத்தலைத் தூக்கிப் பார்த்தான். "குடிச்சுக் காட்டு," என்றான். தண்ணீர்ப் போத்தல்களை அப்படித்தான் சோதிப்பார்கள்.

"ஏலாது. நஞ்சு. உள்ளுக்க ஆட்டுப் புண்."

நம்பாமல் மூடியைத் திறந்து மணந்தவன், ஓங்காளித்துக்கொண்டு எல்லாவற்றையும் மண்ணில் கொட்டினான். வரிசையில் நின்ற சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தது. வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

ஒரு கிழமையில் வெட்டுப்பட்ட விரலில் கொப்புளம் எழும்பி, நடுவில் வெளுத்து, நீர் கசிந்தது. விடுதியில் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறவள் கதிரையைத் தள்ளிப் போட்டாள். அந்தக் கையால் சோறு பிசைய எனக்கே மனம் வரவில்லை, கரண்டியால் சாப்பிட்டேன். ஆட்டின் புண் எனக்குத் தொற்றியிருந்தது.

பேராசிரியருக்குக் காட்டினேன். அவருடைய முகம் மலர்ந்தது. "இதை ஏன் ஒளிச்சு வைச்சனீர்? டொக்டரைக் கொண்டு ஒரு துண்டு எடுப்பிப்பம்."

"நோகுது சேர்."

"ஆற முந்தி எடுக்கவேணும்."

எடுத்தார்கள். அந்தக் குட்டி பால் குடிக்க முடியாமல் செத்துப்போனதாக அந்தக் கிழமையே வீட்டுக் கடிதத்தில் இருந்தது.

அடுத்த மாதம், இருட்டறையின் பச்சைத் திரையில் என் கலத்தைப் பார்த்தேன். ஓரிடத்தில் மூடாத பாதி வளையங்கள். பக்கத்தில் மூடிக்கொண்ட உருண்டைகள். இன்னும் தள்ளி, நூல் சுற்றியதுபோல முழுதாய் முடிந்த வைரசுகள். என் கலத்திலிருந்தே எடுத்த பொருட்களால் ஒவ்வொன்றாய்க் கட்டப்பட்டுக்கொண்டிருந்தவை. மூன்று வருடம் காண ஆசைப்பட்ட காட்சி.

பேராசிரியர் மற்ற மாணவர்களையும் கூப்பிட்டார். "இவவின்ர விரல்தான்," என்று பெருமையாகச் சொன்னார். அவர்கள் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்கள். படங்களை எடுத்து முடித்துவிட்டு, வெளியே தண்ணீர்த் தொட்டியடிக்குப் போய் ஓங்காளித்துச் சத்தி எடுத்தேன்.