கதவருகே நின்ற ஓநாய்

ஒரு படத்தைப் பற்றி இன்றைக்கு யாராவது என்னிடம் அபிப்பிராயம் கேட்டால், "எனக்கு என்ன தெரியும்" என்று நழுவிவிடுகிறேன். ஒன்பது வயதில் நான் அப்படி இல்லை. சாந்தோமில் எங்கள் தெருவில் யார் வீட்டு மீன்குழம்பு உசத்தி, எந்தச் சாமியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடிப்பார் என்பதிலெல்லாம் எனக்குத் தீர்மானமான கருத்து இருந்தது. கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். என்னை நம்பித்தான் மாமா மோசம் போனார்.

மாமா அம்மாவின் தம்பி. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கல்யாணமாகாதவர், எங்களோடுதான் இருந்தார். ஆள் குள்ளம், சின்னத் தொந்தி. ஆனால் நடிப்பென்றால் உயிர். தவக்காலத்தில் எங்கள் மாதா கோயில் மைதானத்தில் பாஸ்கு நாடகம் போடுவார்கள். ஆண்டவர் பாடுபட்டுச் சிலுவையில் மரித்த கதை. அதில் ஒரே ஒரு வசனமாவது பேச வேண்டுமென்று மாமா வருஷம் தவறாமல் கேட்பார். வருஷம் தவறாமல் அவருக்குச் சேவல்தான் கிடைக்கும். சீடர் இராயப்பர் ஆண்டவரைத் தெரியாதென்று மறுதலித்ததும் திரைக்குப் பின்னால் நின்று கூவ வேண்டும், அவ்வளவே. நாடகம் முடிந்து கலையும்போது ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போன வருஷத்தவிட இந்த வருஷம் நல்லா அழுதோம்" என்று மெச்சிக்கொள்வார்கள். எங்கள் கோயில் வட்டாரத்தில் நடிப்புக்கு அதுதான் மார்க்கு.

யுத்தம் முடிந்த சமயம் அது. அடையாற்றில் ஒரு தென்னந்தோப்பில் புதிதாகப் படக் கம்பெனி வைத்திருந்த ஒருவர் அந்த வருஷம் சேவல் கூவியதைக் கேட்டிருக்கிறார். இப்படிக் கூவுகிறவன் ஊளையும் விடுவான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் எடுத்துக்கொண்டிருந்தது, பௌர்ணமி நிலவு பட்டால் ஓநாயாக மாறிவிடும் ஒரு மனிதனின் கதை. கதாநாயகர் ஆறடி உயரம், நல்ல சிவப்பு. ஓநாய்க்காகத் தைத்த ஆட்டுத்தோல் சட்டையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, செத்தாலும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் மனிதனாக இருக்கும்வரை அவர், ஓநாயானதும் மாமா.

கோடை விடுமுறையில் இரண்டு வாரம் படப்பிடிப்பு நடந்தது. அம்மாவிடம் மாமா, அடையாற்றுப் பக்கம் இயற்கைக் காட்சி வரையப் போவதாகச் சொன்னார். இயற்கைக் காட்சி வரைகிறவன்மேல் ஏன் ஆட்டு வாடை அடிக்கிறது என்று அம்மாவுக்குச் சந்தேகம். எனக்கு மட்டும் உண்மை தெரியும், ஏனென்றால் சாந்தோம் கடற்கரையில் அவர் ஊளை பழகும்போது நான்தான் காவல். தெருநாய்கள் வந்து சுற்றி உட்கார்ந்துவிடும். அவற்றை விரட்டுவது என் வேலை.

படம் வெளிவந்து மயிலாப்பூரில் ஓடியது. கம்பெனி முதலாளியிடமிருந்து மாமாவுக்கு ஒரு கடிதமும் வந்தது. அடுத்த படத்தில் முகம் தெரிகிற வேஷம், வசனமும் உண்டு. ஆனால் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கம்பெனிக்கு வர வேண்டும், திங்கட்கிழமைக்குள் பதில் போட்டுவிட வேண்டும். மாமா அதை மடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். தன்னால் நடிக்க முடியுமா முடியாதா என்பது அவருக்கே தெரியவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பார்க்கவும் தைரியமில்லை.

"பாப்பா, நீ போய்ப் பாரு. ஜனங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டு வா. உள்ளத உள்ளபடி எழுதணும். நீ சொல்றத வச்சுத்தான் நான் பதில் எழுதப் போறேன்" என்றார்.

அவர் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜீவகாருண்யத்தைப் பற்றிய படம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை பகலாட்டத்துக்கு மாமா என் அண்ணனைத் துணைக்கு அனுப்பினார். நான் ஒரு நோட்டும் பென்சிலும் ரப்பரும் எடுத்துக்கொண்டேன்.

தகரக் கூரை போட்ட கொட்டகை. கூரையில் ஓட்டைகள். திரையில் ஒரு நிலா இருந்தது. வெயில் விழுந்து அதன் பக்கத்தில் இன்னும் நாலு நிலா இருந்தன. ஆறடிக் கதாநாயகர் மரத்துக்குப் பின்னால் போய் நாலே முக்காலடி ஓநாயாக வெளியே வந்தபோது கொட்டகையே அதிர்ந்தது. முன்னால் இருந்த ஒருவர், "நைனா, இன்னாது இது? நெலா பட்டா சுருங்கிப் பூட்டான்!" என்று கத்தினார். எழுதிக்கொண்டேன். கதாநாயகி ஒரு முழுப் பாட்டுப் பாடி முடிக்கும்வரை ஓநாய் புதரோரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. "மருவாதி தெரிஞ்ச ஓநாய்ப்பா!" என்றது ஒரு குரல். அதையும் எழுதினேன். இடைவேளையில், மாட வீதிக்காரர் போலிருந்த ஒரு பெரியவர் குடையை ஊன்றிக்கொண்டு, "இந்த வெயில்ல அலைஞ்சுண்டு வந்ததுக்கு ஆத்துலயே படுத்துண்டு இருந்திருக்கலாம். அது ஓநாயா, கரடியா?" என்று என்னையே கேட்டார். ஓநாய்தான் என்று உறுதி சொன்னேன். சோடா விற்கிறவர் மட்டும், வேண்டுமானால் பெரிய குரங்காக இருக்கலாம் என்றார்.

என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முந்நூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள், அத்தனையும் என் மாமாவால்! அழுவதற்குத்தான் கோயில் மைதானம் இருக்கிறது. டிக்கெட்டு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் சிரிக்கத்தான் வருகிறார்கள். அது எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி. ஊரார் துரத்த, ஓநாய் ஓடித் தன் வீட்டுக்கே வருகிறது. மனைவி பார்த்து அலறிக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். ஓநாய் கதவை உடைக்கவில்லை. ஊளையும் இடவில்லை. ஒரு கையால் மெல்லத் தட்டியது. பிறகு, வெயிலில் வந்தவன் குளிர்ந்த சுவரில் நெற்றியை வைத்துக்கொள்வது போல, கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துத் தோல் சட்டை முதுகில் பிரிந்து உள்ளே பனியன் தெரிந்தது. கொட்டகை சிரித்த சிரிப்பில் தகரமே கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

என் பக்கத்தில் தரையில் ஒரு மீன்காரம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலிக் கூடை மடியில் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது.

"ஏம்மா அழறீங்க?" என்று கேட்டேன்.

"தன் ஊட்டாண்டயே வந்து நின்னுக்கினு கீது பாரு. தொறக்க மாட்றாளே. அது இன்னா பண்ணும் பாவம், எங்க போவும்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ இன்னாத்துக்கு அழுவற?" என்றார்.

நான் அழவில்லை என்றேன். கூரைத் தூசி என்றேன். உண்மையில் கண்ணீர் கன்னத்தில் வழிந்திருந்தது, எனக்கு என்மேலேயே கோபம். அவ்வளவு பேர் சிரிக்கும் இடத்தில் மாமாவுக்கு ஆகாத காரியத்தைச் செய்துவிட்டேனே! "மீன்காரம்மா அழுதார்" என்று நோட்டில் எழுதியிருந்தேன். அத்தனை நல்ல கருத்துகளுக்கு நடுவே அந்த ஒரு வரி திருஷ்டிப் பொட்டாகத் தெரிந்தது. ரப்பரை எடுத்து அழித்துவிட்டேன்.

மாமா சாயங்காலம் கடற்கரையில் காத்திருந்தார். அண்ணன் நேரே விளையாடப் போய்விட்டான். நான் மாமாவுக்கு எதிரே மணலில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, பிரசங்கம் வாசிக்கிற குரலில் ஒன்று விடாமல் வாசித்தேன். சுருங்கிப் போனது, மரியாதை தெரிந்தது, கரடி, குரங்கு எல்லாம். மாமாவும் சிரித்தார். ஆனால் நடுநடுவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாருமா சிரிச்சாங்க?"

"எல்லாருந்தான் மாமா. அண்ணனுக்குப் புரையேறிப் போச்சு."

மாமா கட்டுமரங்களைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கதவுகிட்ட நிக்கிற எடம் வருமே. அங்கயுமா?" என்று கேட்டார்.

"அங்கதான் மாமா ரொம்ப!" என்றேன்.

"பரவால்லையே" என்றார். என் தலையைத் தடவிக் கொடுத்தார். எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தை நான்தான் தபால் பெட்டியில் போட்டேன். உள்ளே என்ன எழுதியிருக்கும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பெரிய நடிகரின் மருமகளாகப் பள்ளிக்கூடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ஆனால் மாமா மறுநாளும் வழக்கம்போல் சாக்குக்கட்டிப் பெட்டியோடு பள்ளிக்குப் போனார், ஓய்வு பெறும்வரை போனார். அடுத்த தவக்காலத்தில் சேவலாகக் கூவவும் அவர் வரவில்லை. குரல் கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டார். வேறு யாரோ கூவினார்கள். எனக்கு அது துளிகூடப் பிடிக்கவில்லை, எல்லோரிடமும் அதைச் சொன்னேன்.

கதவில் நெற்றியை வைக்கும்படி அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. வெற்றிச் செய்தி கொண்டுபோன பெருமையில் இருந்தேன். ஒருவராவது அழுதாரா என்றுதான் மாமா இரண்டு தடவை கேட்டார். அழுதவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி அவர் எதிரிலேயே நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.