பயந்து பயந்து தோண்டிய நிலம்

போர் முடிந்து சில வருடங்களில், அடம்பன் பக்கத்து வயல்களில் மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். உப்புக்குளத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போவேன். நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன்கூட வாங்கியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை! கையிலுள்ள உலோகம் காட்டும் கருவி கத்தினால் போதும், உள்ளங்கை வியர்த்துவிடும். ஆணியோ தகரத் துண்டோ, எடுத்துக் கண்ணால் பார்க்கும்வரை எனக்கு அது வெடிதான்.

மற்றப் பெண்கள் ஒரு நாளில் முடிக்கும் இடத்துக்கு எனக்கு இரண்டு நாள் எடுக்கும். "சோடா மூடிக்கும் செபமாலை சொல்லுறியளோ அக்கா?" என்று கேலி செய்வார்கள். அந்த வயலின் சொந்தக்காரர் ஒரு கமக்காரர். விதைப்புக் காலம் நெருங்குகிறதே என்று வேலிக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லத்தான் நிற்கிறார் என்று அவர்மேலும் எனக்குச் சந்தேகம்.

ஒருநாள் ரோசம் வந்து வேகமாகத் தோண்டினேன். அடுத்தடுத்து மூன்று சோடா மூடிகள். நான்காவது முறை கருவி கத்தியதும், இதுவும் மூடிதான் என்று மண்ணைக் கிளறப் போனேன். பழைய பயம் வந்து கையை நிறுத்தியது. எப்போதும் அந்தப் பயத்தைத் திட்டுகிறவள், அன்று மட்டும், 'சரி, எதற்குப் பயப்படுகிறாய்?' என்று என்னையே கேட்டேன். சத்தம் மெலிவாக இருந்தது. மூடிக்கு அப்படிக் கத்தாது. பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைச் சுரண்டினேன். இரும்பு மிகக் கொஞ்சமே இருக்கும் பிளாஸ்டிக் மிதிவெடியின் பச்சை விளிம்பு தெரிந்தது.

அடையாளம் வைத்து, மேற்பார்வையாளருக்குச் சொல்லிவிட்டு, தனியே போய் நன்றாக அழுதேன். அதன் பிறகு பயம் வந்தால் அதை விரட்டவில்லை, அது எதைக் காட்டுகிறதென்று பார்த்தேன். வேலை மட்டும் பழையபடி மெதுவாகவே நடந்தது.

காணியைக் கையளித்த நாளில் இனி வெடியில்லை என்பதற்கு, முதலில் நாங்கள் எல்லோரும் அதற்குள் நடந்து காட்டினோம். கமக்காரர் உள்ளே இறங்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்கள்தானே பயந்து பயந்து கிண்டினது?"

மானம் போய்விட்டது. ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம் ஐயா."

"நீங்கள் கிண்டின துண்டு எது?"

காட்டினேன்.

"அப்ப அதுக்குள்ளால வாறன்" என்றவர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கினார்.

என் குறையென்று நான் நினைத்திருந்ததை நம்பி ஒரு மனிதர் வெறுங்காலோடு நடந்தார். அன்றிலிருந்து, பயந்தவள் என்று சொல்லிக்கொள்ள நான் வெட்கப்பட்டதே இல்லை.